சோதனை வேளையில் ஜெபம்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இவ்வரங்கில் நமக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு, சோதனை வேளையில் கிறிஸ்தவ விசுவாசமும் ஜெபமும் என்பதாகும். கல்விக் கழகத்தின் விழாவில் ஜெபத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இக்கழகத்தில் ஆலயத்திற்குச் செல்வோரும் உளர். அம்மன் கோயிலில் பொங்கலிடுவோரும் உளர். எங்கும் செல்லாதவரும் உளர். அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் என்ற நிலையில், பள்ளி வளாகத்திற்குள் நாம் எந்தச் சமயத்தையும் பேசுவதில்லை, பேசவும் கூடாது. இங்கோ நம் தெரு மக்களோடு, நம்மவருள் ஒருவராக நின்று பேசுகிறோம். கேட்பவர் எவரும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் நோக்கமன்று.

தலைப்பை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் பகுதியைச் சேர்ந்த மாணவன் ஒருவன், பெயர் வேண்டா, சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் தவறினான். அவன் தாயார் தேர்வுக்கு முன் நாற்பது நாட்கள் ஒரு வேளை உண்ணாமல் ஜெபித்தவர். முடிவு வெளியான அன்று மாலை ஆறுதல் கூற வந்தவர்களுள் ஒருவர், "ஜெபத்தில் ஏதோ குறை இருந்திருக்கும் அக்கா, இல்லாவிட்டால் கர்த்தர் கைவிடுவாரா?" என்று கேட்டார். திண்ணையில் அமர்ந்திருந்த மகனின் காதில் அது விழுந்தது. மூன்றாம் நாள் அவன் செங்கோட்டை வழியாகக் கேரளத்திற்குக் கூலி வேலைக்குச் சென்றுவிட்டான். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அப்போது இன்னும் நாட்கள் இருந்தன. முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்குக் குறைந்தது சில மதிப்பெண்கள்தாம். தேர்வில் தவறியதற்காக அவன் ஊரைவிட்டுப் போகவில்லை, அந்த ஆறுதலைத் தாங்க மாட்டாமல் போனான் என்பதே நம் கருத்து.

ஆதலால் ஜெபத்தின் மேன்மையைப் பற்றி நம் ஆலயங்களில் வழக்கமாகக் கூறப்படுவதை இங்குத் திரும்பக் கூறப் போவதில்லை. துன்பத்தில் இருப்பவரிடம் ஜெபத்தைப் பற்றி எவ்வாறு பேசுவது, துன்பத்தில் இருக்கும்போது எவ்வாறு ஜெபிப்பது, இவை பற்றியே சில சொற்கள்.

யோபுவின் சரித்திரத்தை ஆலயம் செல்வோர் அறிவர். மற்றவர்க்காகச் சுருங்கக் கூறுகிறோம். செல்வம், மக்கள், உடல்நலம் ஆகிய மூன்றையும் ஒருசேர இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவைக் காண மூன்று நண்பர்கள் வந்தனர். ஏழு நாட்கள் இரவும் பகலும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரையில் அவர்கள் நல்ல நண்பர்களே. யோபு புலம்பத் தொடங்கியதும் அவர்களும் வாய் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் இது நேர்ந்தது என்று ஆளுக்கொரு விதமாக விளக்கினார்கள். யோபுவோ கடவுளோடு வழக்காடினார். தாம் பிறந்த நாளைச் சபித்தார். தம் குற்றம் இன்னதென்று காட்டுமாறு கேட்டார். சூறைக்காற்றிலிருந்து கடவுள் யோபுவையும் கேள்விமேல் கேள்வி கேட்டார் என்பது உண்மையே. எனினும் முடிவில் அவர் சினம் கொண்டது விளக்கம் கூறிய நண்பர்கள் மீதுதான். வழக்காடியவரே அவர்களுக்காக ஜெபிக்கவும் வேண்டியதாயிற்று. நம் தெருக்களில் யோபுவின் நண்பர்களுக்கு என்றுமே பஞ்சமில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று மாலையே நம் தேநீர்க் கடைகளில் எத்தனை விளக்கங்கள்! மலைமேல் பெய்யும் மழை கீழே நின்று குளிப்பவருக்குத் தெரிவதில்லை. அதற்கு வேண்டியது முன்னெச்சரிக்கை ஏற்பாடு. பிள்ளையை இழந்தவரின் பக்தியை நிறுத்துப் பார்ப்பதால் வரும் வெள்ளம் நின்றுவிடாது.

இனி, நம் மக்களுள் சோதனையில் ஜெபித்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். கிறிஸ்தவ சரித்திரம் என்றதும் வெள்ளைக்கார மிஷனரிகளின் பெயர்களையே நம் இளைஞர்கள் ஒப்பிக்கின்றனர். ரேனியஸ் என்பார்கள், சார்ஜென்ட் என்பார்கள். மயிலாடி வேதமாணிக்கத்தின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மயிலாடி, அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்குச் சாம்பவர் குடியில் பிறந்தவர் மகாராசன். பக்தி நாட்டம் மிகுந்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில், உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். தேடிச் சென்ற மன அமைதி அங்கு அவருக்குக் கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சையில் கிறிஸ்தவர்களாயிருந்த உறவினரைக் கண்டார். அவர்களோடு ஆலயம் சென்றார். போதகர் கோலாப் ஐயரின் உபதேசத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். எவரும் வந்து அவரை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தென்கோடியிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மிகுந்த வழியைக் கடந்து, தாமே தேடிச் சென்று கண்டடைந்தார்.

ஊர் திரும்பியதும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் தாம் கண்டதைக் கூறினார். சிறு கூட்டம் ஒன்று சேர்ந்தது. உடனே தொல்லையும் சேர்ந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் தாமாகக் கூடி, தாமாகப் படித்து, தாமாக ஒரு தெய்வத்தை வணங்குவதை அக்கால உயர்குடியினரும் அதிகாரிகளும் எங்ஙனம் பொறுப்பர்? அந்தச் சபைக்கு அப்போது போதகர் இல்லை, ஆலயம் இல்லை, அரசாங்கத்தில் சொல்வாக்குள்ள ஒருவர்கூட இல்லை. இருந்தவை ஜெபமும் சில நூல்களுமே. ஊரைவிட்டே வேறு நாட்டிற்குக் குடிபெயர்ந்துவிடலாமா என்றும் அவர்கள் எண்ணியதுண்டு.

இந்நிலையில் வேதமாணிக்கம் செய்தது என்ன? ஜெபித்தார்; மீண்டும் சோழநாட்டிற்கு நடந்தார். எங்களுக்குப் போதகர் ஒருவர் வேண்டும் என்று முறையிட்டார். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தது இந்த அழைப்பின் விளைவே. ஆலயம் கட்ட அரசின் அனுமதியைப் பெறுவதற்கு ஆங்கிலேய ரெசிடென்ட் மெக்காலேயின் துணை வேண்டியிருந்தது. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு அங்குத் தொடங்கிய பள்ளிதான் பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி, காலப்போக்கில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆலயமும் பள்ளியும் ஒரே ஆண்டில் என்பதை, கல்விக் கழகத்தாராகிய நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1816இல் ரிங்கல்தௌபே உடல் நலிவுற்று நாட்டைவிட்டுச் சென்றபோது, அடுத்த மிஷனரி வரும்வரையில் சபைகளைத் தாங்கி நடத்தியவரும் வேதமாணிக்கமே.

இங்கு ஒன்றைக் கூறாமல் விட மனமில்லை. தம்மை நாடி வந்தவர்களுட் பலர் வரித் தொல்லையிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் விடுபடவே வந்தனர் என்று ரிங்கல்தௌபே குறைபட்டுக்கொண்டார். அவர் தன்னலமற்ற மனிதர். தம் சம்பளத்தை ஏழைகளுக்கே செலவிட்டவர். ஆயினும் இக்குறையை நாம் ஏற்பதற்கில்லை. முதுகில் சுமை அழுத்தும்போது அதை இறக்கக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? இயேசு பெருமானிடம் வந்த குருடர் பார்வை கேட்டார். தொழுநோயாளி நலம் கேட்டார். அவர்களை அவர் உள்நோக்கம் கற்பித்து விரட்டவில்லை. உலகக் காரியங்களுக்காக ஜெபிப்பது தாழ்ந்த ஜெபம் என்று உங்களிடம் எவரேனும் கூறினால், அவர் வயிறு நிறைந்தவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

திருவிதாங்கூர் நமக்குத் தொலைவு என்றும் எண்ண வேண்டா. செங்கோட்டையும் அன்று அந்த அரசைச் சேர்ந்ததே. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு நீங்கியது. திருவிதாங்கூரில் அடிமைகளை விடுவிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது. ஆக, பன்னிரண்டு ஆண்டுக் காலம் தென்காசியில் ஒரு நியாயம், கூப்பிடு தொலைவில் உள்ள செங்கோட்டையில் வேறொரு நியாயம். விலைக்கு விற்கப்படக்கூடிய ஒரு மனிதன், கடவுளைத் தகப்பனே என்று அழைத்து ஜெபிக்கக் கற்றுக்கொண்டபோது அவன் நெஞ்சில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதிகாரியின் முன் ஒதுங்கி நின்று பேசியவன், எல்லா அதிகாரங்களுக்கும் மேலானவரிடம் இடையில் ஆளின்றி நேரே பேசினான். அப்படிப் பேசிப் பழகிய நாவு, மறுநாள் கச்சேரியில் மனுக் கொடுக்கவும் பழகிவிடும்.

நம் இல்லத்து அனுபவம் ஒன்றும் இவ்விடத்தில் பொருந்தும். நாம் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் தந்தையார் காலமானார். தாயார் பீடி சுற்றி எங்களைக் காப்பாற்றினார். இங்குள்ள தாய்மார்களுக்கு அத்தொழிலைப் பற்றி நாம் கூற வேண்டியதில்லை. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். கொண்டுபோய்க் கொடுத்தால் இது தளர்வு, அது நீளம் என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். தாயார் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டே ஜெபிப்பார். விரல் நிற்காது. ஜெபத்தில் அலங்காரச் சொற்கள் இரா. "நூறு பீடி கழிச்சுட்டான் ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலப் பேசுவார். சில நாட்கள் அது சண்டை போலவும் இருக்கும்.

அந்த ஜெபத்தால் கழிவு குறைந்ததா என்றால், இல்லை. ஆனால் தாயார் அதை மனத்திற்குள் வைத்துப் புழுங்கவில்லை. குழந்தைகளாகிய எங்கள் மீது கொட்டவுமில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து எழுந்து சோறு வடித்தார். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதங்களில், ஜெபத்தை முடித்த கையோடு முந்தானையை உதறிக்கொண்டு சபை விடுதிக் காப்பாளர் வீட்டிற்கும் ஊர்ப் பெரியவர் வீட்டிற்கும் நடந்தார். கடன் கேட்டார், விடுதியில் இடம் கேட்டார், இல்லையென்று சொன்ன வீட்டிற்கே மறுவாரமும் சென்றார். பி.ஏ., பி.எட். என்று நம் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளுக்கு அந்த நடையே முதற்காரணம். படித்துவிட்ட நம் பிள்ளைகள் சிலர் இன்று இத்தகைய தாய்மாரின் ஜெபத்தை அறியாமை என்று எள்ளி நகையாடும்போது நமக்குச் சினமே வருகிறது.

கேட்டது கிடைக்காத ஜெபத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்கு அணித்தாக உள்ள டோனாவூரில் தொண்டாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பலரும் அறிவீர்கள். 1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருத்துவ நிலையத்திற்கென எடுத்த வீட்டைப் பார்க்கச் சென்றவர், மாலை இருட்டில் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவருக்காக எத்தனையோ குழந்தைகள் முழந்தாளிட்டு ஜெபித்தனர். எழுந்து பழையபடி நடமாடும் நாள் வரவே இல்லை. 1951 ஜனவரி 18 அன்று மறையும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஓர் அறையும் கட்டிலுமே அவருடைய உலகம். அக்கட்டிலில் இருந்தபடியே நூல்கள் பல எழுதினார். நோயாளிகளுக்கு நலமாக இருப்பவர்கள் அனுப்பும் ஆறுதல் நூல்கள் நெஞ்சைத் தொடுவதில்லை என்று உணர்ந்து, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக ஒரு நூலையே எழுதினார். அவர் கல்லறைமேல் பெயர் பொறித்த கல் இல்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியும் அதில் அம்மா என்ற சொல்லும் உள்ளன. அந்த அம்மையாரிடம் போய் உங்கள் ஜெபத்தில் குறை உண்டு என்று கூறத் துணிபவர் யார்? பவுல் அப்போஸ்தலர்கூடத் தம் உடலின் முள் நீங்க மூன்று முறை வேண்டினார், முள் நீங்கவில்லை.

குற்றாலத்திற்கு வெளியூரார் ஜூன், ஜூலையில் சாரலோடு வருகின்றனர். நம் ஊராரோ ஏப்ரலிலும் இங்கேயே இருப்பவர்கள். அருவி நூலாக இளைத்துப் பாறை மட்டும் நிற்கும் அக்காலத்தில்தான், பேரருவிப் பாறையில் செதுக்கப்பட்ட சிவலிங்கங்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். ஜெபத்திலும் வறண்ட மாதங்கள் உண்டு. வார்த்தை வராது; எவரும் கேட்பதாகவும் தோன்றாது. அப்போது ஆலயத்தின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தாலும் போதும். அத்தகைய நிலையில் ஒரு பையன் அமர்ந்திருக்கக் கண்டால், பெரியவர்களே, அவனைச் சாட்சி கூற எழுப்பாதீர்கள்.

நம் இளைஞர்களுக்கென்றே ஏற்பட்ட சோதனை ஒன்றும் உண்டு. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தைச் சாராதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத இயலாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் நம்முள் கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். சட்டத்தைத் திருத்துமாறு தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானமும் நிறைவேற்றியது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு ஒரு சான்றிதழ். ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். சேர்க்கைப் படிவத்தில் சமயம் என்ற கட்டத்தின் எதிரே பேனாவைப் பிடித்தபடி தயங்கி நிற்கும் தந்தையரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பொய் எழுதுமாறு நாம் யாருக்கும் கூறமாட்டோம். அந்தத் தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பும் தொல்லை இல்லாதவர்களுக்குக் கண்டிப்பது எளிது.

ஆலயத்திற்குள்ளேயே சாதி உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. பாமா அவர்களின் கருக்கு 1992இல் வெளிவந்தபோது, தெரிந்ததை எழுதிவிட்டாரே என்றுதான் பலர் திகைத்தனர். இதனால் மனம் கசந்து ஜெபத்தையே விட்டுவிட்டோம் என்பவர்களிடம் நாம் கானானியப் பெண்ணின் கதையைக் கூறுவதுண்டு. மகளுக்கு நலம் வேண்டி வந்த வேற்றினத்துப் பெண் அவள். சீடர்கள் அவளை அனுப்பிவிடச் சொன்னார்கள். பிள்ளைகளின் அப்பம் நாய்களுக்கு இல்லை என்ற சொல் இயேசுவின் வாயிலிருந்தே வந்தது. அவள் போய்விடவில்லை, அச்சொல்லையே பிடித்துக்கொண்டு, மேசையிலிருந்து விழும் துணிக்கையாவது உண்டே என்று மறுமொழி கூறினாள். அவளுடைய விசுவாசம் பெரிது என்று அவரே ஒப்புக்கொண்டார். மறுமொழி பேசியவளைத்தான் அவர் அவ்வாறு பாராட்டினார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு அவர்கள், நம் மக்களின் பறையையும் கிராமிய மெட்டையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்து, கடவுளைப் பெத்தவரே என்று நம் தெரு மொழியில் அழைக்கச் செய்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாக உண்பதே நற்கருணையின் பொருள் என்றும் கற்பித்தார். அசனத்தன்று ஒரு பந்தியில் அமரும் நாம் மறுநாளும் அதை நினைவில் வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டது, தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். நடைமுறைச் செய்தி சிலவற்றைக் கூறி அமர்கிறோம். காய்ச்சலும் மன நோயும் உடையவர்களை ஜெபக் கூடத்திலேயே படுக்க வைத்து நாட்களைக் கடத்தாதீர்கள். தென்காசி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், வழியெல்லாம் ஜெபியுங்கள். நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டியபோது ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். இவ்வாண்டு பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஏதேனும் ஒரு பாடத்தில் தவறியவர்கள், துணைத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்புவதற்குக் கழகச் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுக்கலாம். கழக அறையில் மாலை ஆறு மணி முதல் கணித வகுப்பை நாமே எடுக்கிறோம். கட்டணம் இல்லை, எந்த ஆலயம், எந்தக் கோயில் என்ற கேள்வியும் இல்லை. வேலைக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளின் எண் உங்கள் தொலைபேசியில் இருந்தால், அவர்களுக்கும் செய்தி அனுப்புங்கள். சென்ற ஆண்டு தவறியவர்களும் எழுதலாம்.